நோட்டீஸ் போர்டும் சம்பளச் சீட்டும்

ஒரு தொழிற்சாலையில் என்ன விதி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நோட்டீஸ் போர்டைப் படிக்க வேண்டியதில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எதற்குக் காசு கூடுகிறது, எதற்குக் காசு பிடிக்கிறார்கள் என்று சொல்லும் அந்த நாலைந்து வரிதான் அங்கே நிஜமாக அமலில் இருக்கும் பாலிசி. மற்றதெல்லாம் லேமினேட் செய்து மாட்டிய காகிதம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் மனிதவளத் துறையில் பல வருடங்களாக இருக்கிறேன். எங்கள் வேலையைப் பயிற்சி, பாதுகாப்பு, சலுகைகள், விதிமுறைகள் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல், தனி ஆள், தனி ஆடிட். ஷிஃப்ட்டில் நிற்கிற ஆளுக்கு இது எல்லாம் ஒன்றுதான். மாதக் கடைசியில் கையில் என்ன வரும், அதுவரை கை முழுசாக இருக்குமா என்பதுதான் அவர் கணக்கு.

பிரஸ் ஷாப்பைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இரும்புத் தகட்டை மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் வைத்து நூறு டன், இருநூறு டன் விசையில் அழுத்தி வடிவம் எடுப்பார்கள். அந்த அச்சைத்தான் டை என்போம். ஆபரேட்டர் தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும். மெஷின் இறங்கி ஏறும். பீஸை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த தகடு. ஒரு ஷிஃப்ட் முழுக்க இதே வேலை, ஆயிரக்கணக்கான தடவை. ஒரே ஒரு தடவை தாளம் தப்பினால் போதும்.

அதற்காகத்தான் பட்டன் இரண்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் கை இருக்க வழியில்லை. சில மெஷின்களில் கூடுதலாக லைட் கர்ட்டன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை, கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21வது பிரிவே சொன்னது. ஆக, தொழில்நுட்பமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது.

இரவு ஷிஃப்ட்டில், இரண்டு மணி வாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். பழைய மெஷின்களில் ஒரு பட்டன் அழுத்தியபடியே இருக்கும். மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு மரச்சில்லைச் செருகியிருப்பார்கள். ஒரு கை இன்னொரு பட்டனில், மறு கை அடுத்த தகட்டை எடுக்கப் போயிருக்கும். புது மெஷின்களில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டுத் திரும்ப அழுத்தினால்தான் ஓடும் என்பதால் இந்த வித்தை பலிக்காது. அங்கே லைட் கர்ட்டனின் சாவியைத் திருப்பி அதை வேலை செய்யாமல் வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். ஸ்டோர்ஸில் டேப் கேட்டு வாங்கிய இன்டென்ட் சீட்டில் அவர் கையெழுத்துதான் இருக்கும்.

இதனால் பீஸுக்கு ஒரு நொடியோ ஒன்றரை நொடியோ மிச்சமாகும். அந்த நொடிகளைச் சேர்த்தால் இலக்கைத் தாண்டி வரும் பீஸ்கள். அவற்றுக்குத்தான் உற்பத்தி ஊக்கத்தொகை. 'பாதுகாப்பே முதன்மை' என்று சுவரில் எழுதி வைத்த அதே நிர்வாகம்தான், அந்தச் சுவருக்கு எதிரே நின்று ஒன்றரை நொடிக்குக் காசு தருகிறது. ஆபரேட்டர் முட்டாள் இல்லை, எது பேச்சு, எது காசு என்று அவருக்குத் தெரியும்.

விரல் போன பிறகு நாங்கள் விசாரணை அறிக்கை எழுதுவோம். காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. திருத்த நடவடிக்கை: மறுபயிற்சி. இந்த இரண்டு வரிகளையும் வேறு வேறு கம்பெனிகளில், வேறு வேறு கையெழுத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டு பட்டன் எதற்கு என்று அந்த ஆளுக்குத் தெரியாமலா இருந்தது? அறிக்கை எழுதுபவரைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் பயிற்சி. தெரிந்தே செய்வதை அது நிறுத்தாது.

ஒரு இடத்தில் நிலைமை மாறியதைக் கண்ணால் பார்த்தேன். மெஷின் முறைப்படி ஓடினால் எட்டு மணி நேரத்தில் எவ்வளவு பீஸ் வரும் என்று இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் ஆட்கள் கணக்குப் போட்டார்கள். அந்த எண் வரைக்கும் ஊக்கத்தொகை. அதற்கு மேல் வந்தால் காசு கிடையாது, எப்படி வந்தது என்று சூப்பர்வைசரிடம் விசாரணை. புதிதாக ஒரு வகுப்பும் எடுக்கவில்லை, போஸ்டரும் ஒட்டவில்லை. டேப் தானாகக் காணாமல் போனது.

அடுத்தது வாசலில் நிற்கும் போர்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண் மாற்றுகிற மாதிரி ஒரு கட்டம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1966-ல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கிய நாள் அது. அன்றைக்கு எல்லோரும் கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று கை நீட்டி உறுதிமொழி எடுப்போம், பிறகு லட்டு. எண் பெரிதாக இருந்தால் அந்தத் துறைக்குக் கேடயமும் உண்டு, சில இடங்களில் எல்லோருக்கும் டிஃபன் பாக்ஸும் உண்டு.

இப்போது ஒருவருக்கு விரல் நசுங்கி நகம் போகிறது. எலும்பு முறிவு இல்லை. ஆனால் நாலைந்து நாள் வேலை செய்ய முடியாது. நாங்கள் பழகிய தொழிற்சாலைச் சட்டக் கணக்குப்படி 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் போர்டில் எண் பூஜ்யமாகும், கேடயம் போகும், எல்லோருடைய டிஃபன் பாக்ஸும் போகும். என்ன செய்வார்கள்? மறுநாள் காலையில் வண்டி அனுப்பி அவரைக் கூட்டிவருவார்கள். கட்டுப் போட்ட கையோடு ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலி. வருகைப் பஞ்ச் விழுந்துவிடும். 'லைட் டியூட்டி' என்று ரிஜிஸ்டரில் எழுதிவிடுவார்கள். எண் ஏறிக்கொண்டே போகும்.

இதில் அந்த ஆளுக்கு நேரடியாகவே நஷ்டம் இருக்கிறது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்து நடந்த நாளை விட்டு மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதெல்லாம் இதற்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. இதைவிட முக்கியம், விபத்து முறையாகப் பதிவானால்தான் பின்னால் அந்த விரல் மடங்காமல் போனால் நிரந்தர ஊனத்துக்கான தொகை கேட்க முடியும். நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு நாள் பஞ்ச் போட்டவர்கள், ஒரு டிஃபன் பாக்ஸுக்காக அவருடைய ஆயுள் முழுக்க வரக்கூடிய பணத்துக்கு வேட்டு வைக்கிறார்கள். அவரும் சந்தோஷமாகத்தான் வருவார். 'ஆஸ்பத்திரிக்கு அலையவைக்காமல் கம்பெனி நல்லா பாத்துக்கிட்டாங்க' என்று ஊரில் சொல்வார்.

கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் இன்னும் மோசம். சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும், இ.எஸ்.ஐ. எண்ணே எடுத்திருக்க மாட்டார்கள். விபத்து நடந்த அன்று மாலை ஆறு மணிக்கு கான்ட்ராக்டர் ஆபீஸில் அவசரமாகப் பதிவு நடக்கும். காயமும் பதிவும் ஒரே தேதியில் இருந்தால் கிளை அலுவலகத்தில் கேள்வி வரும். வரத்தான் வேண்டும். சந்தாவைக் கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது கம்பெனிதான், பொறுப்பு என்பது இ.எஸ்.ஐ. விதி. ஆகவே, 'அது கான்ட்ராக்டர் பிரச்சினை' என்று எந்த மேனேஜர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, காயம் இல்லை, வெறும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம் வரும் விஷயம் இருக்கிறது: வருகை ஊக்கத்தொகை. மாதம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் வந்தால் ஒரு தொகை, ஒரு நாள் விட்டால் பாதி, இரண்டு நாள் விட்டால் ஒன்றும் இல்லை. பல தொழிற்சாலைகளில் இந்த மாதிரித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம், வருகைக்கு 1,500 என்று வையுங்கள். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 577 ரூபாய். டெங்குவோ வைரஸ் காய்ச்சலோ வந்து இரண்டு நாள் படுத்தால், லீவு கையிருப்பு இல்லாத ஆளுக்கு 1,154 ரூபாய் போச்சு. வருகைத் தொகை 1,500-ம் போச்சு. மொத்தம் 2,654. இ.எஸ்.ஐ. தராதா என்றால், நோய்க்கால உதவியாக 70 சதவீதம் தரும், வருடத்துக்கு 91 நாள் வரை தரும். ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதற்கு முந்தைய நோய் முடிந்து பதினைந்து நாளுக்குள் திரும்பப் படுத்தால் மட்டும் அந்த விலக்கு இல்லை. அதுவும் ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தவருக்குத்தான். புது ஆளுக்கு மருந்து கிடைக்கும், பணம் கிடைக்காது.

ஆக, காய்ச்சலோடு வேலைக்கு வருவதற்குத்தான் நாம் 2,654 ரூபாய் தருகிறோம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, கண் சிவந்து, பிரஸ்ஸுக்கு முன்னால் நிற்பதற்கு. வருகைத் தொகை என்கிற வரியும் விபத்து விசாரணை என்கிற ஃபைலும் வேறு வேறு அலமாரியில் இருப்பதால் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரித் தெரிகிறது.

இ.எஸ்.ஐ. என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. நடப்புச் சந்தாக் காலம் முடியும் வரை, அதாவது செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31 வரை, தொடரலாம். தொழிலாளி 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிற இந்தத் திட்டத்தில் அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. கம்பெனி எடுக்கும் குரூப் இன்சூரன்ஸில் பெரும்பாலும் மனைவி, பிள்ளைகளோடு நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும் ஒருவர் ஏப்ரல் மாதம் என் மேஜைக்கு முன்னால் நின்று, "சார், இந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் போடாதீங்க" என்று கேட்டார். இருபது ஆயிரத்து எண்ணூறில் இருந்தார். ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக்கான பணம் அந்த வரம்புக் கணக்கில் சேராது என்று விளக்கினேன். அதைக் கேட்டு நிம்மதியாகி, "அப்போ ஓ.டி. கூடக் கொடுங்க, சம்பளத்தை மட்டும் ஏத்தாதீங்க" என்றார். சலுகைகள் பற்றிப் பெரிய ஹோட்டல்களில் நடக்கும் கருத்தரங்குகளில் இப்படி ஒரு ஆள் மேடை ஏறி நான் பார்த்ததில்லை.

பி.எஃப். பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 12 சதவீதம், 12 சதவீதம், எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ச் சிக்கல் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பி.எஃப்.பில் ஒற்றை எழுத்து இருக்கும், வங்கியில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். மூன்றும் ஒத்துப்போகாமல் க்ளைம் திரும்பி வரும். சேர்கிற அன்றே சரிபார்த்தால் பத்து நிமிட வேலை. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரத்தில் பார்த்தால் மாதக் கணக்கில் இழுக்கும். கல்யாணம் ஆனதும் நாமினேஷனைப் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிப்பதையும் விடக்கூடாது. பணியில் இருக்கும்போது இறந்துபோனால் பி.எஃப்.போடு சேர்ந்த இன்சூரன்ஸில் ஏழு லட்சம் வரை குடும்பத்துக்கு வரும், அதற்குத் தொழிலாளி ஒரு பைசாவும் கட்டுவதில்லை. ஆனால் யாருக்கு என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு வருகிறேன். சேர்கிற அன்று ஒரு ஏ.சி. அறையில் இரண்டு மணி நேரம் ஸ்லைடு ஓடும். பிறகு கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து. பாதிப் பேர் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கி, ஹாஸ்டலில் தூங்காமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டாவிட்டால் வேலை இல்லை என்று நினைப்பவர்கள் அவர்கள்.

லைனில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு சார்ட் தொங்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் நேரே ஒரு வட்டம், அதை நாலாகப் பிரித்திருப்பார்கள். கற்றுக்கொள்கிறார் என்றால் கால், தனியாக ஓட்டுவார் என்றால் அரை, முக்கால், மற்றவருக்குக் கற்றுத்தருவார் என்றால் முழு வட்டம். கஸ்டமர் ஆடிட்டுக்கு முந்தின நாள் மாலை, சூப்பர்வைசர் ஒரு மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்தால் ஆறு மாதப் பயிற்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆடிட்டர் அந்த வட்டங்களைத்தான் எண்ணுகிறார். அதனால் எங்களுக்கு வட்டங்கள் கிடைக்கின்றன.

பயிற்சி வேலை செய்து பார்த்ததும் உண்டு. பிரஸ் ஷாப்பில் பழைய டூல் ரூம் அண்ணன் ஒருவர் புது ஆட்களைக் கூட்டிப்போய், கேன்டீனில் வாங்கிவந்த கேரட்டை டைக்குள் வைத்து மெஷினை இறக்கிக் காட்டுவார். இந்தியோ ஒடியாவோ தேவைப்படாது. கேரட் இருந்த இடத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொருவரையும் ஓடுகிற மெஷினின் சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்தச் சொல்வார். இதற்குத்தான் எல்லோரும் தயங்குவார்கள். கேரட்டைப் பார்த்தபோது இல்லாத பயம் அப்போது முகத்தில் தெரியும். மெஷினை நிறுத்தினால் திட்டு விழும் என்று வந்த அன்றே ஹாஸ்டலில் யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த அண்ணன் அவர்கள் நிறுத்தும் வரை விடமாட்டார். நிறுத்தியதும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "நிறுத்திட்டான், ஏதாவது சொல்லுவியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். சூப்பர்வைசர் இல்லை என்று சொல்லியாக வேண்டும். என் பார்வையில் அந்த இண்டக்‌ஷனில் உருப்படியான ஐந்து நிமிடம் அதுதான். (ஆயுத பூஜை அன்று மெஷினைக் கழுவக் கழற்றிய தடுப்பை மறுநாள் திரும்ப மாட்டினார்களா என்று ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துவருபவரும் அவர்தான். எலுமிச்சம்பழம் இருக்கும், தடுப்பு இருக்காது.)

பெண்கள் பாதுகாப்பிலும் இதே பூஜ்ய வியாதி உண்டு. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். காகிதத்தில் எல்லா இடத்திலும் குழு இருக்கிறது. ஆண்டறிக்கையில் புகார் எண்ணிக்கை: 0. அந்தப் பூஜ்யத்தைக் காட்டி மேனேஜர்கள் பெருமைப்படுவார்கள். நானூறு பேர் மூன்று ஷிஃப்ட்டில் வேலை செய்யும் இடத்தில் பூஜ்யம் வருகிறது என்றால், எனக்கு வருவது சந்தேகம்தான்.

ஒரு இடத்தில் புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். டைம் ஆபீஸ் பக்கத்தில், சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே, சூப்பர்வைசர் கேபின் கண்ணாடிக்கு எதிரே. இன்ஸ்பெக்‌ஷனிலும் பேக்கிங்கிலும் வேலை செய்யும் பெண்களுக்கு ஷிஃப்ட் போடுவதும், ஓ.டி. கொடுப்பதும், ஊர்த் திருவிழாவுக்கு லீவு கொடுப்பதும் அந்தக் கேபினில் இருப்பவர். பெட்டியைப் பெண்கள் ஓய்வறைக்கு மாற்றினோம். அதைவிடப் பலன் தந்தது, ஓ.டி. பட்டியலைச் சூப்பர்வைசர் கையிலிருந்து எடுத்து சுழற்சி முறையில் நோட்டீஸ் போர்டில் போட்டது. அதற்குப் பிறகுதான் பேச்சு வர ஆரம்பித்தது. எழுத்தில் இல்லை, கேன்டீன் கமிட்டியில், சாம்பாரைப் பற்றிப் பேச வந்த இடத்தில். (எந்தக் கமிட்டிக்கும் ஆள் வராது, கேன்டீன் கமிட்டிக்கு மட்டும் நாற்காலி பத்தாது. மனிதவளத் துறைக்கு இதைவிட நல்ல காது கிடையாது.)

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. எல்லோருக்கும் பணி நியமன ஆணை கட்டாயம் என்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்; ஆணை கையில் இல்லாமல் பத்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். சம்பளத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால் பாதியைத் தாண்டிய தொகையையும் ஊதியமாகக் கணக்கிட வேண்டும் என்ற விதியால்தான் இப்போது ஃபைனான்ஸ் அறைகளில் விளக்கு அணைவதில்லை.

எங்களுக்கு இது ஊதிய ஒப்பந்தம் பேசும் வருடம். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவை வைத்து, பழைய பழக்கத்தில் இன்னும் 'டுவெல்வ் த்ரீ' என்றுதான் சொல்கிறோம். யூனியன் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருப்பது: வருகை ஊக்கத்தொகையை இரண்டு மடங்காக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் இதில் ஆட்சேபணை இல்லை, ஆள் வந்தால் லைன் ஓடும். இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற அபூர்வமான கோரிக்கைக்கு நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தொகையை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துவிடலாம் என்பது என் யோசனை. சேர்த்தால் பி.எஃப்., ஓ.டி., போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் கூடவே ஏறும் என்று ஃபைனான்ஸ் முகம் சுளிக்கிறது. யூனியன் செயலாளர், "அப்போ வர்றவனுக்கும் வராதவனுக்கும் ஒரே காசா சார்?" என்கிறார். நியாயமான கேள்விதான். குறைந்தபட்சம் இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்று இருக்கும் நாட்களை விடுப்பாக எண்ண வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பொய்ச் சான்று கொண்டுவருவார்கள் என்கிறார் பிளான்ட் ஹெட். கொண்டுவரட்டும், மாதத்துக்கு எத்தனை வரும் என்று மூன்று மாதம் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை மறுபடி உட்கார்கிறோம்.